நடுக்கடலில் ஒரு லாக்-அப்!

நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் ஒருவன் குடித்து விட்டு ஏறுகிறான். பெண்கள் இருக்கைப் பக்கம் போய் வம்பு செய்கிறான். என்ன நடக்கும்?

கண்டக்டர் விசில் அடிப்பார். பஸ் நிற்கும். "இறங்குய்யா கீழே!" அவ்வளவுதான். ரொம்பவும் எகிறினால் பஸ் நேராகப் போலீஸ் நிலையத்து வாசலுக்குப் போய் விடும்.

ரெயிலில் என்றால் அபாயச் சங்கிலி இருக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் ரெயில்வே போலீஸ் இருக்கிறது.

கப்பலில்?

சுற்றிலும் தண்ணீர். 3 ஆயிரம் பயணிகள், ஆயிரம் ஊழியர்கள். கரையைத் தொட இன்னும் 2 நாள் ஆகும். நடுவழியில் இறக்கி விட முடியாது. தூக்கிக் கடலில் போடவும் முடியாது!

அதனால்தான் பெரிய சொகுசுக் கப்பல்களின் அடித்தளத்தில் ஓர் அறை வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். நடன அரங்கத்தைக் காட்டுவார்கள். வகை வகையாய்ச் சாப்பாடு அடுக்கிய மேஜையைக் காட்டுவார்கள். அந்த அறையை மட்டும் காட்ட மாட்டார்கள்.

அதற்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "பிரிக்". நம்ம பாஷையில் சொன்னால் லாக்-அப்.

"பணக்காரர்கள் சமாசாரம், நமக்கு என்னய்யா?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்தாகி விட்டது.

2022 ஜூன் மாதம் "எம்பிரஸ்" என்ற கப்பல் இங்கிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றுலாவுக்குப் புறப்பட்டது. சூதாட்டமும் குடியும் உள்ளே வரும் என்று எதிர்ப்புக் கிளம்பவே, புதுச்சேரியில் அப்போது கரைசேர அனுமதி கிடைக்கவில்லை. அதே கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை எல்லாம் அதன் பாதையில் வந்தன.

பழைய ஆட்களைக் கேட்டால் "ரஜுலா" கப்பல் கதை சொல்வார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. அதற்குப் பிறகு "சிதம்பரம்" வந்தது. 1985-ம் ஆண்டு நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அதன் பயணிகள் சேவை முடிந்து போயிற்று. அவை பிழைப்புக்குப் போனவர்களின் கப்பல்கள். பாயும் தகரப் பெட்டியுமாய்த் தளத்தில் படுத்துக் கொண்டு போனார்கள். எப்போது கரை வரும் என்று கடலையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

இப்போது வருவது பொழுதுபோக்குக் கப்பல். இதில் ஏறுகிறவனுக்குக் கரை வருவதே பிடிக்காது. தண்ணீர் மேல் ஒரு நட்சத்திர ஓட்டல் போல, குடி உண்டு, கூத்து உண்டு. அதோடு கூடவே ரகளையும் உண்டு.

23 பேரை இறக்கிய கதை

2018 பிப்ரவரி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து "கார்னிவல் லெஜண்ட்" கப்பல் தென் பசிபிக் கடலில் 10 நாள் சுற்றுலா போனது.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கூட்டம் ஒன்று அதில் ஏறியிருந்தது. மற்ற பயணிகளோடு முதலில் வாய்த் தகராறு. அப்புறம் கைகலப்பு. ஒரு நாளோடு முடிந்திருந்தால் சரி. நாள் தவறாமல் அடிதடி! கடைசியில் நடுராத்திரி விடுதிப் பக்கம் ஒரு பெரிய சண்டை. குழந்தை குட்டியோடு வந்தவர்கள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக் கொண்டார்கள்.

கப்பல் பாதையை மாற்றியது. நியூ சவுத் வேல்ஸ் கரையில் ஈடன் என்ற சிறிய ஊர். அங்கே போலீசார் வந்து ஏறினார்கள். 6 ஆண்களும் 3 சிறுவர்களும் இறக்கப்பட்டார்கள். அவர்களோடு வந்த 14 பேரும் தாங்களாகவே இறங்கிப் போனார்கள். ஆக மொத்தம் 23 பேர்.

அதோடு விஷயம் முடியவில்லை. ஒரு பயணி எடுத்த படம் வெளியே வந்தது. கப்பலின் பாதுகாப்பு ஆட்கள், கீழே விழுந்து கிடந்தவர்களைக் காலால் உதைத்தது அதில் தெரிந்தது! "எங்கள் ஆட்களில் சிலர் நடந்து கொண்ட விதம் கம்பெனி விதிக்குப் பொருந்தாது" என்று கம்பெனியே ஒப்புக் கொள்ள வேண்டியதாயிற்று.

பயந்து நடுங்கிய மற்ற பயணிகளுக்கு என்ன கிடைத்தது? அடுத்த தடவை கப்பலில் வந்தால் கட்டணத்தில் 25 சதவீதம் தள்ளுபடி! "மறுபடியும் இந்தக் கப்பலிலா?" என்று அவர்கள் தலையில் அடித்துக் கொண்டிருப்பார்கள்.

இந்த ஒரு சம்பவத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ரகளை செய்கிறவனை அடக்கத்தான் வேண்டும். ஆனால் அடக்க வந்தவன் எல்லை மீறினால் யாரிடம் போய்ச் சொல்வது?

இது ஏதோ ஒரு கப்பலில் நடந்த அதிசயமும் இல்லை. 2019 ஜூலையில் நார்வே கடற்கரையைச் சுற்றி விட்டுத் திரும்பிய "பிரிட்டானியா" கப்பலில், விடிய விடிய நடந்த சண்டையில் 6 பேர் காயம் அடைந்தார்கள். கப்பல் சவுத்தாம்ப்டன் துறைமுகம் வந்ததும் ஓர் ஆணும் பெண்ணும் கைதானார்கள். 2022 ஜூனில் நியூயார்க் திரும்பிய "கார்னிவல் மேஜிக்" கப்பலின் நடன விடுதியில் பெரும் அடிதடி. கடலோரக் காவல் படைப் படகு கூடவே வந்து கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டு போய் விட்டது.

முதலில் கடிதம், அப்புறம் கதவு

சண்டை போட்டவனை எடுத்த எடுப்பில் கொண்டு போய் அடைத்து விடுவது இல்லை. அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.

கப்பலில் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவுக்குச் சாவி அதுதான். சாராயக் கடையில் பணம் அதுதான். இறங்கி ஏறும்போது அடையாளச் சீட்டும் அதுதான். ஒருவன் வம்பு செய்தால் முதலில் கை வைப்பது இந்த அட்டையில்தான். "இனி இவனுக்கு மது கிடையாது" என்று கணக்கில் ஒரு குறி போட்டால் போதும். எந்தக் கடையில் நீட்டினாலும் கிளாஸ் வராது. பாதிப் பேர் இதிலேயே வழிக்கு வந்து விடுவார்களாம்!

அதற்கும் மசியாதவனுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அப்புறம் அறைக் காவல். அவனுடைய சொந்த அறையிலேயே இருக்க வேண்டும். வாசலில் ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு உள்ளே போகும், ஆள் வெளியே வர முடியாது.

பால்கனி வைத்த அறை என்றால் இது ஆபத்து. போதையில் இருக்கிறவன் கடலில் குதித்து விட்டால்? அப்படிப்பட்டவர்களுக்கும், அடுத்தவரை அடித்தவர்களுக்கும், பெண்ணிடம் அத்துமீறியவர்களுக்கும்தான் பிரிக்.

சின்ன அறை. சுவரோடு பொருத்திய கட்டில். தலையை மோதிக் கொள்ளாமல் இருக்கச் சில கப்பல்களில் சுவருக்கு மெத்தை. கழிப்பறை ஒன்று. ஜன்னல் கிடையாது. பெரும்பாலும் பாதுகாப்பு அலுவலகத்தை ஒட்டி, கீழ்த் தளத்தில் இருக்கும். (செத்துப் போகிறவர்களுக்கான சவ அறையும் கீழ்த் தளத்தில்தான் இருக்கும். உல்லாசக் கப்பலின் அடிவயிறு இப்படி!)

காவலுக்கு இருப்பவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? கூர்க்கா வீரர்கள், பட்டாளத்திலும் கடற்படையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். இந்தியர்கள் நிறையப் பேர்.

கடைசியில் அடுத்த துறைமுகம் வந்ததும் இறக்கி விடுவார்கள். மூட்டை முடிச்சை ஊழியர்களே கட்டிக் கொடுத்து விடுவார்கள். டிக்கெட் பணம் திரும்பி வராது. ஊர் திரும்பும் விமானச் செலவு அவன் தலையில். அந்த நாட்டு விசா இல்லை என்றால் அது ஒரு தனித் தலைவலி. கடல் நடுவே ராஜா மாதிரி ஆட்டம் போட்டவன், பாஷை தெரியாத ஊரில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

2019 ஜனவரியில் பகாமாஸ் நாட்டின் நாசோ துறைமுகத்தில் ஓர் இளைஞர் "சிம்பனி ஆப் த சீஸ்" கப்பலின் 11-வது தளத்திலிருந்து தண்ணீரில் குதித்தார். எதற்கு? படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டுவதற்கு! அதே ஆண்டு அக்டோபரில் "அல்யூர் ஆப் த சீஸ்" கப்பலில் ஒரு பெண் நீச்சல் உடையில் பால்கனிக் கம்பி மேலேயே ஏறி நின்று படம் எடுத்துக் கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை. ஆயுள் முழுவதும் அந்தக் கம்பெனிக் கப்பலில் கால் வைக்கக் கூடாது!

அறைக்குள் சிகரெட் பிடித்தால் கார்னிவல் கப்பல்களில் 500 டாலர் அபராதம். நம்ம கணக்கில் 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அங்கே 17 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ராத்திரி 1 மணிக்கு மேல் தனியாகச் சுற்றக் கூடாது என்றும் கட்டளை போட்டிருக்கிறார்கள்.

யார் சட்டம்?

இனிமேல்தான் சிக்கலே.

நடுக்கடலில் ஓடும் கப்பலில் எந்தக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம். உலகக் கடல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கம்பெனி அமெரிக்காவில் இருக்கும். கேப்டன் இத்தாலிக்காரராகவோ நார்வேக்காரராகவோ இருப்பார். கொடி? பகாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா! வரியும் கெடுபிடியும் குறைவு என்று அங்கே போய்ப் பதிவு செய்து கொள்கிறார்கள்.

நம்ம ராயபுரத்து ஆள் ஒருவரை நடுக்கடலில் ஒரு வெளிநாட்டுக்காரன் அடித்து விட்டான் என்று வையுங்கள். பகாமாஸ் போலீசா வரப் போகிறது?

நம்ம சட்டம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோ மீட்டர் வரை இந்திய எல்லை. இந்தியாவில் பதிவான கப்பலாக இருந்தால் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதா அதற்குப் பொருந்தும். இந்தியக் குடிமகன் வெளிநாட்டுக் கப்பலில் தப்புச் செய்தாலும் இங்கே வழக்குப் போடலாம். ஆனால் விசாரணை நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் டெல்லிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் சாட்சிகள் நாலு நாட்டுக்குப் பறந்து போயிருப்பார்கள்.

ஆகவே கடலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம். பிரிட்டனின் 1995-ம் ஆண்டுக் கப்பல் சட்டத்தைப் பாருங்கள். கப்பலின் பாதுகாப்புக்காக, ஒழுங்குக்காகத் தேவை என்று கேப்டனுக்குத் தோன்றினால், கப்பலில் இருக்கும் எவரையும் அடைத்து வைக்கலாம். அவசியம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும் வரை வைத்திருக்கலாம்!

இது தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டோம். 4 ஆயிரம் உயிர்களுக்குப் பொறுப்பாளர் அவர். புயல் வந்தாலும் தீப்பிடித்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வெறி பிடித்தவனை அடக்க ஓர் அதிகாரம் அவரிடம் இருக்கத்தான் வேண்டும். "கோர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், பதில் வரட்டும்" என்று காத்திருக்க முடியுமா?

ஆனால் நம்ம அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒருவனைக் கைது செய்தால், பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். சந்து முனையில் பிக்பாக்கெட் அடித்தவனுக்குக் கூட இந்த உரிமை உண்டு. லட்சக் கணக்கில் பணம் கட்டிக் கப்பலில் போனவனுக்கு அடுத்த கரை வருகிற வரை இல்லை.

மாஜிஸ்திரேட் எதற்கு என்று கேட்பவர்கள் 2021-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, மும்பையில் சொகுசுக் கப்பல் பயணம் ஒன்றில் போதைப் பொருள் தடுப்புப் பிரிவினர் சோதனை நடத்தினார்கள். பிரபல இந்தி நடிகரின் மகன் உள்பட பலர் சிக்கினார்கள். நாடே பரபரத்தது. அந்த இளைஞர் 3 வாரத்துக்கு மேல் கம்பி எண்ணினார். ஐகோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. 2022 மே மாதம், அவர் மேல் வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று அதே இலாகாவே சொல்லி விட்டது!

இதே "எம்பிரஸ்" கப்பல் பயணம்தான் அது. அங்கே கோர்ட்டு இருந்தது, வக்கீல் இருந்தார், பத்திரிகை இருந்தது. அப்படியும் இத்தனை நாள். நடுக்கடலில் கீழ்த் தளத்து அறையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஊற்றிக் கொடுத்தது யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பல் ரகளைகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் ஒரு பாட்டில் உருளும்.

மொத்தமாகப் பணம் கட்டி விட்டு வேண்டிய மட்டும் குடிக்கும் திட்டங்கள் கப்பல்களில் இருக்கின்றன. கார்னிவல் கம்பெனித் திட்டத்தில் அதற்கு ஓர் உச்ச வரம்பு. எவ்வளவு தெரியுமா? 24 மணி நேரத்துக்கு 15 கிளாஸ்! இதற்குப் பெயர் கட்டுப்பாடாம். 15 உள்ளே போன பிறகு ஒருவன் என்ன திருவாசகமா படிக்கப் போகிறான்?

ஊற்றிக் கொடுப்பதில் லாபம். குடித்தவன் ஆடினால் அவனைப் பூட்டி வைக்க ஒரு அறை. இறக்கி விட்டால் டிக்கெட் பணமும் மிச்சம். வியாபாரம் என்றால் இதுவல்லவா வியாபாரம்!

இதில் அடிபடுகிறவர்கள் ஊழியர்கள். கிளாஸ் கழுவுகிறவர், அறை கூட்டுகிற பெண், பரிமாறுகிறவர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா, கேரளா, நம்ம தமிழ்நாடு என்று எங்கிருந்தோ ஒப்பந்தத்தில் வந்தவர்கள். மாதக் கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, வாரம் 7 நாளும் வேலை. பயணி கன்னத்தில் அறைந்தாலும் சிரித்துக் கொண்டே நிற்க வேண்டும். திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த துறைமுகத்தில் இறங்குவது பயணி அல்ல, இவர்தான்!

அடைக்காமல் விட்டதால் வந்த வினை

லாக்-அப்பே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

2002 செப்டம்பர். சிட்னியிலிருந்து "பசிபிக் ஸ்கை" கப்பல் புறப்பட்டது. பிள்ளைகளின் தாய் ஒருவர் ஆசையோடு ஏறினார். மறுநாள் காலை, அறிமுகம் இல்லாத ஆண்களின் அறையில் பிணமாகக் கிடந்தார். உடம்பில் மயக்க மருந்து. அந்த அறையை உடனே பூட்டி முத்திரை வைத்திருக்க வேண்டாமா? சாமான்களை எடுத்துப் போக ஆட்களை உள்ளே விட்டார்கள். தடயம் எல்லாம் போயிற்று. பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. கப்பல்களில் போலீஸ் அதிகாரிகளைப் போட வேண்டும் என்று விசாரித்த அதிகாரி 2010-ல் சிபாரிசு செய்தார்.

அதே 2010-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்தது. அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் பெரிய சுற்றுலாக் கப்பல்கள், எந்தக் கொடி பறந்தாலும் சரி, அதற்குக் கட்டுப்பட வேண்டும். கொலை, பலாத்காரம், ஆள் காணாமல் போவது, பலத்த காயம், 10 ஆயிரம் டாலருக்கு மேல் திருட்டு, இவற்றை அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தளத்துக் கைப்பிடிக் கம்பி 42 அங்குல உயரம் இருக்க வேண்டும். அறைக் கதவில் வெளியே பார்க்கும் ஓட்டை வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணைப் பரிசோதிக்கும் மருத்துவச் சாதனம் கப்பலிலேயே இருக்க வேண்டும். எந்தக் கம்பெனிக் கப்பலில் எத்தனை குற்றம் என்ற கணக்கை அரசாங்கம் ஊரறிய வெளியிடுகிறது.

கொடி எங்கள் கொடி இல்லையே என்று அமெரிக்கா கையைக் கட்டிக் கொண்டு உட்காரவில்லை. "என் துறைமுகத்துக்கு வருகிறாயா? என் நிபந்தனைக்கு வா" என்றது. வந்தார்கள்.

அதைத்தான் நாமும் கேட்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றுகிற எந்தக் கப்பலும், ஒருவரை அடைத்தால் எத்தனை மணிக்கு, எதற்காக, யார் உத்தரவில் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த அறை வாசலில் கேமரா ஓட வேண்டும். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடைத்த உடனே கரையில் இருக்கும் போலீசுக்கும் குடும்பத்துக்கும் தகவல் போக வேண்டும். இப்போது செயற்கைக் கோள் இருக்கிறது. நடுக்கடலில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள். ஒரு தகவல் அனுப்ப முடியாதா? கப்பல் திரும்பியதும் அந்தப் பதிவேட்டைத் துறைமுகப் போலீசார் வாங்கிப் பார்க்க வேண்டும். அடித்தது பயணியா, காவலாளியா என்று இருதரப்பையும் விசாரிக்க வேண்டும். ஊழியர் கொடுக்கும் புகாரையும் புகாராகவே எடுத்துக் கொள்ள வேண்டும்.

டிக்கெட்டோடு ஓர் ஒப்பந்தம் வருகிறது. பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக இங்கிலீஷ். அறையைச் சோதனை போடலாம், அடைத்து வைக்கலாம், இறக்கி விடலாம், பணம் திரும்பக் கேட்கக் கூடாது என்று எல்லாம் அதில் இருக்கிறது. எவன் படிக்கிறான்? கையெழுத்து மட்டும் போட்டு விடுகிறான்.

கப்பல் புறப்படும்போது பயணிகள் எல்லோருக்கும் ஒரு பயிற்சி கொடுத்தாக வேண்டும். உயிர் காக்கும் சட்டையை எப்படிக் கட்டுவது, எந்தப் படகு பக்கம் ஓடுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். சென்னையில் ஏறுகிறவர்களுக்கு அதைத் தமிழில் சொல்லட்டும். கூடவே இன்னும் 5 நிமிடம் எடுத்துக் கொண்டு, எதற்கெல்லாம் கீழ்த் தளத்து அறைக்குக் கொண்டு போவார்கள், அங்கே போனவன் யாரிடம் புகார் சொல்லலாம் என்பதையும் தமிழிலேயே சொல்லி விடட்டும். துறைமுக நிர்வாகம் ஒரு கடிதம் எழுதினால் அடுத்த கப்பலிலேயே இது நடக்கும்.